தோலுக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர்

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் குளத்தூர்ப் பக்கம் ஒருவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் செதில் செதிலாகப் படை கிளம்பினால், அது வீட்டோடு நிற்கிற சங்கதி இல்லை. டீக்கடையில் அவருக்கென்று ஒரு கிளாஸ் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். முடி வெட்டுகிறவர் “நாளைக்கு வாங்க” என்பார். அந்த நாளை வரவே வராது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைத் தொடாமலே எழுந்து போவார்கள். அதே ஆள் ஐம்பது வயதை ஒட்டி, பருத்திக் காட்டிலோ உப்பளத்திலோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், “மனசு விட்டுட்டாரு, அதான் நெஞ்சடைச்சுப் போச்சு” என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். முழங்கைப் படைக்கும் அந்த நெஞ்சடைப்புக்கும் இடையில் ஒரு முடிச்சு இருக்கக்கூடும் என்று ஊருக்கும் தெரியாது, அன்றைய வைத்தியத்துக்கும் தெரியாது.

இன்றைக்கு வைத்தியத்துக்குத் தெரியும். சொரியாசிஸ் தோலோடு நிற்கிற நோய் இல்லை. அது கடுமையாக இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பிரஷர் பார்க்கிற கருவியும் நம் ஊர் வாசலுக்கே வந்துவிட்டது. இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் வரவில்லை. அரை நூற்றாண்டில் எவ்வளவோ மாறியும், எடுக்காமல் மிச்சமிருப்பது அந்த ஒரு அடிதான்.

கரிசலும் படையும்

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் கடற்கரைச் சாலையில், விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கிறது குளத்தூர். 1986 வரை இதெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. கிழக்கே வைப்பாறு, வேம்பார்க் கடலும் உப்பளமும். வடமேற்கே எட்டயபுரம், கோவில்பட்டி வரைக்கும் கரிசல். மானம் பார்த்த மிளகாய், பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. விதைக்காமல் விட்ட இடமெல்லாம் சீமைக் கருவேலம். அதை வெட்டி அடுக்கி எரிக்கிற கரிமூட்டம்.

இந்த மண்ணில் மட்டும் சொரியாசிஸ் அதிகம் என்று சொல்வதற்கில்லை. இந்தியாவில் நடந்த வெவ்வேறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பெரியவர்களில் நூற்றுக்கு அரைப் பேரிலிருந்து கிட்டத்தட்ட மூன்று பேர் வரைக்கும் இது இருக்கிறது. ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஊரில் ஐந்து பேருக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். தோலின் மேல்படை செல்கள் வழக்கமாக ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிரும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே வேலை நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் மேலே வந்து குவிகின்றன. சிவந்த தடிப்பும் அதன்மேல் வெள்ளிச் செதிலும் அப்படி வருவதுதான். காரணம் தோலில் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேலையில்லாத நேரத்தில் வேலை செய்கிறது. கிருமி கிடையாது. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

கரிசலில் வேலை செய்கிறவர்கள் கண்ணால் கண்ட ஒரு விஷயத்துக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. கருவேல முள் கையில் நீளக் கீறிவிட்டால், பத்துப் பதினைந்து நாளில் அந்தக் கீறல் போன தடத்திலேயே படை எழும்பும். ‘கோப்னர் விளைவு’ என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய ஜெர்மன் மருத்துவரின் பெயர் அது. விறகு வெட்டுகிறவருக்கும் மிளகாய் பறிக்கிறவருக்கும் கையில் கீறல் இல்லாத நாள் கிடையாது. இதனால் வேலை செய்கிற கையிலேயே நோய் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு இருக்கும். பலருக்கு வெயில் இந்த நோயை ஆற்றும், பனிக்காலம் கிளப்பும். “மார்கழி வந்தாப் போதும், சட்டை முழுக்கச் செதிலு” என்பது அனுபவப்பட்டவர்கள் பேச்சு.

அன்று: பெருநோய் என்ற பயம்

சொரியாசிஸ் வந்தவரை ஊர் விலக்கியது சொரியாசிஸுக்காக அல்ல. அதைப் பெருநோய், அதாவது தொழுநோய் என்று நினைத்து விலக்கியது. உலகம் முழுக்க இதே கதைதான். ஐரோப்பாவில்கூட 1841-இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் வரைக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. நம் கிராமங்களில் அது 20-ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் போகவில்லை.

தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியது. அதன் ஊழியர்கள் சைக்கிளில் ஊர் ஊராக வருவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பார்கள். தேமல் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்வார்கள். பஞ்சைத் திரித்து அதன் நுனியால் தோலை மெல்லத் தொடுவார்கள். “எங்க தொட்டேன், விரலை வச்சுக் காட்டு.” விரல் சரியான இடத்துக்குப் போனால் ஊழியர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவார். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மங்கியிருக்கும். சொரியாசிஸ் படையிலோ தொட்டதும் தெரியும், அரிப்பும் தெரியும். அரை நிமிஷத்துச் சோதனை. ஊருக்குள் பல குடும்பங்களின் மானத்தைக் காப்பாற்றியது அந்தப் பஞ்சு நுனிதான்.

ஆனால் சோதனை முடிந்து சைக்கிள் போன பிறகும் பேச்சு போகாது. சட்டமும் அந்தப் பயத்துக்குத் துணை நின்றது. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். 2019-இல்தான் அதை நீக்கினார்கள். படை வந்த பெண் முழுக்கை ரவிக்கைக்குள் ஒளிந்ததும், ஆண் திருவிழாவுக்குக்கூடச் சட்டையைக் கழற்றாததும் இந்தப் பின்னணியில்தான். ஒதுக்கப்பட்டவன் கடைசியில் ஒதுங்கித்தான் போவான். கூட்டத்துக்குப் போவது நின்றது. நடமாட்டம் குறைந்தது. பலருக்குப் பீடியும் சாராயமும் துணைக்கு வந்தன. இந்த ஒவ்வொன்றும் நெஞ்சுக்குப் போய்ச் சேருகிற வழி என்று அப்போது யாரும் கணக்கு எழுதவில்லை.

எண்ணெய் முதல் ஊசி வரை

வைத்தியம் இல்லாமல் இல்லை. சங்கரன்கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்துவந்து பூசுவது கரிசல் முழுக்க உண்டு. திருச்செந்தூர்க் கடலில் முழுகி நாழிக்கிணற்றில் குளிப்பதும் உண்டு. சித்த வைத்தியத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்று வகைப்படுத்தி எண்ணெயும் செந்தூரமும் கொடுத்தார்கள். 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதுவும் ஒரு வாசல்.

இதில் ஊருக்குள்ளேயே செய்தது வெட்பாலை எண்ணெய். இலையை இரும்பு படாமல் கையாலேயே கிள்ளுவார்கள். கிள்ளிய இடத்தில் பால் துளிர்க்கும். அந்தப் பாலோடு இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிச் சீசாவில் அடைத்து, கூரைமேல் வெயிலில் வைப்பார்கள். பச்சை இலை போட்ட எண்ணெய் மறுநாளே செவ்வூதாவாக மாறும். நாள் ஆக ஆகக் கருநீலமாகும். நிறம் ஏறாவிட்டால் அது வெட்பாலையே இல்லை என்று கீழே கொட்டிவிடுவார்கள். தடவினால் செதில் இளகும், அரிப்பு அடங்கும். மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்த எண்ணெயை எடுத்து ஆய்வு செய்திருக்கிறது. இன்று கடைகளில் சீசாவில் கிடைப்பது அதன் வழிவந்ததுதான்.

ஆங்கில வைத்தியத்தில் இந்த நோய்க்கு வந்த முதல் வலுவான மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் கட்டியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவானவைதான் அமினாப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். இரண்டும் புற்றுநோய்க்காக வந்தவை. 1951-இல் குப்னர் என்கிற மருத்துவர் மூட்டுவாதக்காரர்களுக்கு அமினாப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சொரியாசிஸ் இருந்தவரின் தோல் தெளிந்ததைக் கவனித்தார். அதைப் பார்க்க சுப்பாராவ் இல்லை, 1948-இலேயே இறந்துவிட்டார். இன்றும் கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ கடும் சொரியாசிஸுக்கு டாக்டர் எழுதுகிற மலிவான மாத்திரை மெத்தோட்ரெக்சேட்தான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடவேண்டியது அது. தெரியாமல் தினமும் போட்டு உயிருக்கு ஆபத்து தேடிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் சீட்டில் கிழமையின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது.

இடையில் வந்தது ஸ்டீராய்டு. களிம்பாக, டாக்டர் சொன்ன அளவில் போட்டால் நல்ல மருந்து. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் பூசியவர்களின் தோல் வெங்காயத் தாளாய் மெலிந்தது. “ஒரே ஊசியில் மாயமா மறைஞ்சது” என்று புகழப்பட்ட ஊசியும் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். நிறுத்தியதும் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், சிலருக்குச் சீழ்க் கொப்புளமாக உடம்பெங்கும் வெடிக்கும். மாத்திரையாகவும் ஊசியாகவும் உள்ளே போன ஸ்டீராய்டு சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும். தோலுக்குச் செய்த வைத்தியமே நெஞ்சுக்கு வினையாவது இப்படித்தான். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

இப்போது எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட ஒரு கண்ணியை மட்டும் அடக்குகிற ஊசிகள் வந்துவிட்டன. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2013-இல் இட்டோலிசுமாப் ஊசியைச் சொரியாசிஸுக்காக இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது. அடாலிமுமாப், செக்குகினுமாப் என்று வரிசை நீள்கிறது. ஒருகாலத்தில் ஆயுள் முழுக்க முழுக்கைச் சட்டை போட்டவருக்கு இன்று மூன்று நாலு மாதத்தில் தோல் தெளிய வழி இருக்கிறது. விலைதான் உப்பளக் கூலிக்கு எட்டாது.

நெஞ்சுவலி வந்த பாதை

நெஞ்சின் கதையும் இதே காலத்தில் மாறியது. அன்றைய கரிசலில் தினப்பாடு கம்பங்கஞ்சியும் சோளச்சோறும் குதிரைவாலியும். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்கு. அந்தக் காலத்தைப் பொன்னாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலராவிலும் பிரசவத்திலும் பஞ்சத்திலும் செத்தவர்கள் மாரடைப்பு வருகிற வயதுவரை இருந்தால்தானே? ஆனால் காட்டுவேலை செய்த உடம்பில் தொப்பை அபூர்வம். இன்று மூன்று வேளையும் அரிசி. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு அது விலையில்லாமல் கிடைக்கிறது. பசி போயிற்று, அது சின்ன விஷயமே அல்ல. கூடவே ராத்திரியானால் பரோட்டா, ஏறி உட்கார்ந்தால் டூவீலர், களையெடுக்க மருந்து, அறுக்க மிஷின். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

தெற்காசியர்களுக்கு இதில் இன்னொரு பாதகமும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த வயது நம் பக்கத்தவர்களுக்குச் சராசரி 53, மற்றவர்களுக்கு 58.8. வேலைசெய்து குடும்பத்தைத் தாங்குகிற வயதில் ஆறு வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

அன்று நெஞ்சுவலி வந்தால் என்ன செய்தார்கள்? வாய்வு என்று சொல்லி இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்தார்கள். விடிந்ததும் பஸ். தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரி வந்தது 2000-இல்தான். அதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட். போய்ச் சேராமல் வழியிலேயே திரும்பியவர்களும் உண்டு.

இன்று 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, 2008 செப்டம்பரிலிருந்து. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும்கூட 14 மாத்திரைகள் தயாராக இருக்கின்றன. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. மாரடைப்பு என்று தெரிந்ததும் அங்கேயே விழுங்கவைத்து, அடைப்பைத் திறக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். செலவுக்கு 2009-இல் வந்த அரசுக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஹைகிரவுண்டுக்கு விடிகாலை பஸ்ஸுக்குக் காத்திருந்த தலைமுறை இதைப் பார்த்தால் நம்பாது.

இரண்டு கதையும் சந்தித்த இடம்

படையும் நெஞ்சும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்ற சந்தேகத்தை 1970-களிலேயே சிலர் கிளப்பினார்கள். மெக்டொனால்டு, காலப்ரேசி என்கிற இரு அமெரிக்க மருத்துவர்கள், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு கூடுதலாக வருகிறது என்று 1978-இல் எழுதினார்கள். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாரடைப்புக்குக் காரணங்கள் என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1960-களில் போடத் தொடங்கிய பட்டியல்தான் எல்லார் மனதிலும். பிரஷர், கொழுப்பு, சிகரெட், சர்க்கரை. அதில் தோல் கிடையாது.

2006-இல் நிலைமை மாறியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோயல் கெல்ஃபாண்ட் குழு, பிரிட்டனின் குடும்ப டாக்டர்கள் கணினியில் எழுதிவைத்த பதிவேடுகளை அலசியது. சொரியாசிஸ் உள்ளவர்கள் சுமார் 1,31,000 பேர். இல்லாதவர்கள் ஐந்தரை லட்சத்துக்கு மேல். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, சிகரெட், எடை எல்லாவற்றையும் கழித்த பிறகும் சொரியாசிஸ் தன் பங்குக்குத் தனியாக நின்றது. 30 வயதில் கடும் சொரியாசிஸ் உள்ளவருக்கு மாரடைப்பு வாய்ப்பு அதே வயதினரைவிட மூன்று மடங்கு. லேசாக இருந்தால் 1.29 மடங்கு. 60 வயதில் அது முறையே 1.36, 1.08.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். முப்பது வயதில் மாரடைப்பே அபூர்வம் என்பதால் அதன் மூன்று மடங்கும் சின்ன எண்தான். முழங்கையில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் படை உள்ளவர் பயந்து சாக வேண்டியதில்லை. இளம் வயதிலேயே உடம்பெங்கும் பரவி, பத்து இருபது வருஷம் அடங்காமல் இருக்கிறவர்தான் நெஞ்சைக் கவனிக்க வேண்டியவர்.

ஏன் இப்படி? கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். மண் பூசிய மேட்டில் இரண்டு ஓட்டையில் புகை வருவதுதான் வெளியே தெரியும். நெருப்போ உள்ளே அடுக்கு முழுக்க நாள்கணக்கில் கனன்றுகொண்டு இருக்கும். தோலில் தெரிகிற படை அந்தப் புகை. டி.என்.எஃப்., ஐ.எல்.-17, ஐ.எல்.-23 என்று பெயரிட்ட அழற்சிப் பொருட்கள் தோலில் உண்டாகி அங்கேயே தங்குவதில்லை, ரத்தத்தோடு ஓடுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் வழவழப்பை இழக்கிறது. கொழுப்பு எளிதில் படிகிறது, படிந்தது எளிதில் வெடிக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை ஏறுகிறது. எடை கூடினால் கொழுப்புத் திசுவே இன்னும் அழற்சியைக் கிளப்பும், அது படையையும் கிளப்பும். இதைத் தவிர மூட்டுவலியால் நடக்க முடியாமை, மனச்சோர்வு, பீடி, குடி.

நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீநகரில் 2010-இல் வெளியான ஆய்வில், தொப்பை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கூட்டுச்சேர்ந்து நிற்கும் நிலை சொரியாசிஸ்காரர்களில் 28 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்கும் இருந்தது. 2018-இல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட கொழுப்பு வழிகாட்டுதலில், ஆபத்தைக் கூட்டும் காரணிகளின் பட்டியலில் சொரியாசிஸின் பெயர் ஏறியது. அதே பட்டியலில் இன்னொரு வரி: தெற்காசிய வம்சாவளி. குளத்தூரில் சொரியாசிஸ் உள்ள ஒருவர் அந்தப் பட்டியலில் இரண்டு தடவை வருகிறார்.

அப்படியானால் படையை ஆற்றினால் நெஞ்சும் தப்புமா? இதற்கு இன்னும் ஆமாம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறையும் என்று 2017-இல் கேனகினுமாப் ஊசியை வைத்து நடந்த சோதனை காட்டியது. ஆனால் 2019-இல் வெளியான இன்னொரு சோதனையில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,786 பேருக்குக் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. சொரியாசிஸ்காரர்களுக்கே அடாலிமுமாப், செக்குகினுமாப் ஊசி போட்டுப் பெருநாடியைப் படம் பிடித்தபோதும் அழற்சி எதிர்பார்த்த மாதிரி இறங்கவில்லை. எனவே தோலுக்கு விலையுயர்ந்த ஊசி போட்டுவிட்டோம், நெஞ்சைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் உட்கார முடியாது. நெஞ்சுக்கு உரிய வைத்தியம் பழைய வைத்தியம்தான்: பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, எடை, பீடி.

வாசலில் வந்த கருவி

அந்தப் பழைய வைத்தியம் இன்று வீட்டு வாசலில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு, சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண் பையோடு தெருவில் வருவது கரிசல் கிராமங்களில் பழகிய காட்சி. பல வாசல்களில் பேச்சு இப்படித்தான் ஓடும்.

“பெரியப்பா, கையை நீட்டுங்க.”

“எந்தக் கையத் தாயி?”

“இடது கை. சட்டையைச் சுருட்டுங்க. இதென்ன முழங்கையில, இப்படி வெடிச்சுக் கிடக்கு?”

“அது கிடக்கு, இருவது வருசமா. கோவில்பட்டியில களிம்பு வாங்கிப் போடுதேன். நீ பிரசரைப் பாரு.”

பிரஷர் பட்டையைச் சுற்றுகிற இடத்துக்கு நாலு விரல் கீழே படை. அந்தப் பெண் பார்க்கிறார், கேட்கிறார், நோட்டில் 150/90 என்று எழுதுகிறார். மாத்திரை தருகிறார். முழங்கையைப் பற்றி எழுதுவதற்கு அந்த நோட்டில் இடம் இல்லை. அவர் வேலையின் மையம் பிரஷரும் சர்க்கரையும். அடுத்த மாதம் பெரியப்பா தோல் டாக்டரிடம் போவார். அங்கே முழங்கையைப் பார்ப்பார்கள். நாலு விரல் மேலே பட்டை சுற்ற மாட்டார்கள். அவசரத்தில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறோம் என்று இவரும் சொல்ல மாட்டார்.

சொல்லாததால் வருகிற நஷ்டம் கொஞ்சமல்ல. பிரஷருக்கும் நெஞ்சுக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். தோலுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் பிரஷரை ஏற்றும், அசிட்ரெட்டின் ரத்தக் கொழுப்பை ஏற்றும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் குடித்தால் ஈரல் கெடும். இவை எதற்காகவும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்துவதே நெஞ்சுக்கு ஆபத்து. இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டினால் மாற்று மருந்து இருக்கிறது. ஒரே உடம்பை இரண்டு வாசலில் பிரித்துக் கொடுத்ததுதான் இன்றைய கோளாறு.

உள்ளங்கைக் கணக்கு

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கு எளிய அளவு உண்டு. விரல்களையும் சேர்த்த ஒருவரின் உள்ளங்கை, அவர் உடம்புப் பரப்பில் சுமார் ஒரு சதவீதம். படையெல்லாம் சேர்த்தால் தன் கையால் எத்தனை கை வரும் என்று எண்ணிப் பார்க்கலாம். பத்துக் கைக்கு மேல் வந்தால், அல்லது மாத்திரை, ஊசி, ஒளி சிகிச்சை தேவைப்படுகிற அளவுக்கு நோய் இருந்தால், வழக்கமாகக் கணக்கிடும் மாரடைப்பு ஆபத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல். அந்தப் பெருக்கலில் சிலருக்குக் கொழுப்பு மாத்திரை தொடங்க வேண்டிய கோடு தாண்டிவிடும். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. முடிவு செய்ய அவர் முன்னால் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் எண்ணாக இருக்க வேண்டும்.

எடை கூடியவர்கள் எடையைக் குறைத்தால் நெஞ்சுக்கு நல்லது, படையும் அடங்குகிறது, மருந்தும் நன்றாகப் பிடிக்கிறது. பீடியை விட்டாலும் அப்படியே. காலையில் விரல் மூட்டும் குதிகாலும் வீங்கி வலித்தால், அது வயசு வலி என்று விட வேண்டாம். சொரியாசிஸ்காரர்களில் பத்தில் மூன்று பேர் வரைக்கும் மூட்டு நோயும் வருகிறது. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ ஓடுகிற வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் வாய்வு என்று சோடா குடித்து உட்காராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். வெட்பாலை எண்ணெய் தடவுகிறவர் தாராளமாகத் தடவட்டும். சித்த வைத்தியரிடமும் பிரஷர் எண்ணைச் சொல்லட்டும்.

2014-இல் உலக சுகாதார சபை சொரியாசிஸைப் பற்றித் தனித் தீர்மானமே போட்டு, இது தொற்றாத நோய், இதற்காக ஆட்களை ஒதுக்கக் கூடாது என்று நாடுகளுக்குச் சொன்னது. குளத்தூர்ப் பக்கத்து டீக்கடையில் தனி கிளாஸ் இன்று பெரும்பாலும் இல்லை. அந்த அளவுக்கு ஊர் தன் பங்கைச் செய்துவிட்டது என்றே சொல்லலாம். பாக்கி இருப்பது வைத்தியத்தின் பங்கு. தொழுநோய் ஊழியரின் பஞ்சு நுனிக்குச் செலவு ஒன்றும் இல்லை. இருந்தும் அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது, ஒவ்வொரு தேமலையும் தொட்டுப் பார் என்று அது கட்டாயமாக இருந்ததால். அதேபோல, பத்துக் கைக்கு மேல் படை உள்ள யாரும் பிரஷர், சர்க்கரை, கொழுப்புப் பார்க்காமல் தோல் டாக்டர் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்பதையும், வாசலுக்கு வரும் பெண்ணின் நோட்டில் சொரியாசிஸ் என்று ஒரு கட்டம் போடுவதையும் கட்டாயமாக்கலாம். புது மருந்தோ புது மிஷினோ இதற்கு வேண்டாம். அதுவரைக்கும், கேட்கிற பொறுப்பு நோயாளியுடையதுதான். களிம்புக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, “டாக்டர், பிரஷரையும் பார்த்துருங்க” என்று கையை நீட்டிவிட வேண்டும்.